குக்குலுவும் இருதய நோயும்
(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தா ஒருவன் விஞ்ஞானம் பேச எழுந்து நிற்பது உங்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். செயலாளர் அவர்களிடம் இத்தலைப்பைக் கூறியபோது அவரும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பின்னர், "சீக்கிரம் முடித்துவிட வேண்டும், அடுத்தது குழந்தைகளின் கோலாட்டம்" என்று மட்டும் சொன்னார். கோலாட்டத்திற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆயினும் இன்று நான் சொல்லியே தீரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது ஒரு மரத்துப் பிசினைப் பற்றியது. அப்பிசினை இக்காலனியில் நால்வருக்குச் சிபாரிசு செய்தவன் நான் என்பதைப் பற்றியதுமாகும்.

என் குடும்பத்துக்கும் இருதய நோய்க்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் இதே காலனியில் வாழ்ந்தவர். கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில் இரவு வேலை முடிந்து வீடு திரும்பியவர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார், மீண்டும் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 51. மாரடைப்பு என்றார்கள். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். தந்தையின் இருதயம் நின்றதனால் கிடைத்த நாற்காலியில் அமர்ந்துதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் பிறருடைய சம்பளப் பட்டியலைத் தயாரித்து வருகிறேன்.

எனக்கு 43 வயது நடந்தபோது, ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிகளில் ஏறுகையில் மார்பின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றினாற்போல ஓர் அழுத்தம் தோன்றிற்று. நின்றால் போய்விடும், நடந்தால் வரும். டாக்டர் பரிசோதித்துவிட்டு மூன்று மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்க ஸ்டாடின், மார்வலிக்கு டில்டியாசெம், இரத்தம் கட்டியாக உறையாதிருக்க ஆஸ்பிரின். நான்கு மாத காலம் ஒழுங்காக உண்டேன். வலி குறைந்தது. வலி குறைந்ததும் புத்தியும் குறைந்தது என்றே சொல்லவேண்டும். ஆபீசில் நண்பர் ஒருவர், "ஆயுள் முழுவதும் இங்கிலீஷ் மருந்தா? நம் முன்னோர் கண்ட குக்குலு இருக்கும்போது!" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மாதச் செலவில் ஒரு மிச்சமும் இருந்தது.

குக்குலு என்பது வடநாட்டில் இராஜஸ்தான், கட்ச் முதலிய வறண்ட பகுதிகளில் வளரும் முட்செடி ஒன்றின் பிசின். நம் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் மைசாட்சிக் குங்கிலியம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நான் சந்தைக்குப் பக்கத்திலுள்ள பன்சாரிக் கடையில் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் மணம் மூக்கில் ஏறிற்று. திருக்கடவூரில் மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய நாயனார் நினைவும் வந்தது. நான் எதையும் விற்கவில்லை. ஸ்டாடின் மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். மற்ற இரண்டையும் விடாமல், காலையும் மாலையும் பிசினைச் சிறு உருண்டையாக உருட்டி வெந்நீரோடு விழுங்கினேன். எந்த வைத்தியரிடமும் கேட்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. உடல் இலேசானது போலத் தோன்றியது. உடனே உபதேசம் செய்யத் தொடங்கிவிட்டேன். நால்வர் கேட்டுக்கொண்டனர், இருவருக்குப் பொட்டலத்தை நானே வாங்கிக் கொடுத்தேன்.

ஏழாம் மாதம், தீபாவளி கழிந்த மறுவாரம், நள்ளிரவில் அந்த முழங்கால் மீண்டும் என் மார்பில் ஏறி உட்கார்ந்தது. இம்முறை படியும் இல்லை, நடையும் இல்லை, படுத்திருக்கும்போதே வந்தது. என் மனைவி பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தாள். இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாய் ஒன்றில் பெரும்பகுதி அடைபட்டிருந்ததாகக் கூறி ஸ்டென்ட் வைத்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்த தந்தையாரைப் பார்த்த அதே கண்களால் என் மகன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல நான் விரும்பவில்லை.

இனி, இக்கதையில் வரும் மற்றொருவரை அறிமுகம் செய்கிறேன். காசி இந்து சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி, ஞாயிறுதோறும் ரசம் சாதத்துக்காக எங்கள் வீட்டுக்கு வருவாள். தென்காசியிலிருந்து காசிக்கு வந்தவள். என் மனைவியை அத்தை என்றும் என்னை மாமா என்றும் அழைப்பாள். புரதங்களோடு மருந்துகள் எவ்வாறு ஒட்டுகின்றன என்பதும், அவ்வழியே இருதய நோய்க்குப் புது மருந்து காண இயலுமா என்பதும் அவளுடைய ஆராய்ச்சி. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பிசின் கதையை என் மனைவி அவளிடம் சொல்லிவிட்டாள். வசைக்கு ஆயத்தமாக இருந்தேன். அவளோ, "மாமா, நீங்கள் உண்ட குக்குலுவின் நவீன சரித்திரம் வேறெங்கும் தொடங்கவில்லை, நான் தினமும் சைக்கிளில் செல்லும் சர்வகலாசாலையிலேதான் தொடங்குகிறது" என்றாள். அன்றும் அதன்பின் பல ஞாயிறுகளிலும் அவள் சொல்லக் கேட்டதையே இங்கு கூறுகின்றேன். சரியானவை அவளுடையவை; பிழை இருந்தால் என்னுடையது.

1966ஆம் ஆண்டு. அங்கு ஆயுர்வேதத்தில் டாக்டர் பட்டத்திற்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஜி. வி. சத்தியவதி என்னும் அம்மையார். சுசுருத சம்ஹிதையில் மேதோரோகம், அதாவது கொழுப்பு மிகுவதால் வரும் நோய், விவரிக்கப்படுகிறது. கொழுப்பு மிகுந்து உடலின் வழிகளை அடைத்துப் பல உபத்திரவங்களை விளைவிக்கும் என்று அந்நூல் கூறுவதும், இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பதாக இக்கால மருத்துவர் கூறுவதும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை அவர் கண்டார். அந்நோய்க்கு அந்நூல் கூறும் மருந்துகளுள் ஒன்று குக்குலு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: புதுப் பிசின் உடலைப் பெருக்கும், பழம் பிசின் உடலைக் கரைக்கும் என்பது சுசுருதர் வாக்கு. நான் வாங்கியது புதியதா பழையதா என்று பன்சாரிக் கடைக்காரரிடம் கேட்கவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை!

சத்தியவதி அம்மையார் நூலைப் படித்து மெய்சிலிர்த்ததோடு நின்றுவிடவில்லை. முயல்களுக்குக் கொழுப்பு மிகுந்த உணவை ஊட்டி அவற்றின் இரத்தத்தில் கொலஸ்டிராலை ஏற்றினார். அவற்றுள் ஒரு பகுதிக்குக் குக்குலு கொடுத்தார். கொடுத்த முயல்களின் இரத்தத்தில் கொழுப்புக் குறைந்தது. குழாய்களில் படிவதும் தடைப்பட்டது. பழைய நூலின் வாக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் எடைபோடப்பட்டது. அந்த அம்மையார் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார்.

அதன்பின் பலர் கைவைத்தனர். சுக்தேவ் என்னும் இரசாயன அறிஞரின் குழுவினர், பிசினிலிருந்து குக்குலுஸ்டெரோன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். லக்ஷ்மணபுரியிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பிசினைச் சுத்தம் செய்து குக்குலிப்பிட் என்னும் சத்தாக்கியது. 1986ஆம் ஆண்டில் அதனை விற்க இந்திய அரசு அனுமதி அளித்தது. பம்பாய், பெங்களூர், டில்லி, ஜெய்ப்பூர், நாகபுரி, நமது காசி முதலிய பல நகரங்களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1989இல் வெளிவந்தது. ஒரு சோதனையில் 205 பேர் 12 வாரம் உண்டனர். பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கொழுப்புக் குறைந்ததாகக் கண்டனர். இதைக் கேட்டதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பார்த்தாயா!" என்று மனைவியிடம் சொன்னேன். "கதை முடியவில்லை, மாமா" என்றாள் அந்தப் பெண்.

கதையின் மறுபாதி விளங்க வேண்டுமானால் புரதம் என்பதைச் சிறிது அறிய வேண்டும். பருப்பிலும் முட்டையிலும் இருப்பது என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் நம் உடலில் நடைபெறும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்களே. மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது ஒவ்வொரு புரதமும். அம்மாலை தாறுமாறாகக் கிடப்பதில்லை. குறிப்பிட்ட முறையில் மடிந்து, குறிப்பிட்ட உருவம் பெற்று, தன் மேற்பரப்பில் குழிகளும் பிளவுகளும் உடையதாக நிற்கும். மணிக்கும் மணிக்கும் இடையே மாலை எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க இயலாது என்று கணக்கிட்டு ஒரு படம் வரைந்து 1963இல் வெளியிட்டவர்கள், சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருமாவர். உலகில் எங்கேனும் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டதாக ஒருவர் கூறினால், அது சரியா என்று இன்றும் அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இராமச்சந்திரன் படம் என்றே அதற்குப் பெயர். நம்மவர் பெயர் இப்படி உலகெங்கும் வழங்குவதை நான் 45 வயதில்தான் கேள்விப்பட்டேன்.

அக்குழிகளில்தான் மருந்து சென்று அமர்கிறது. பூட்டும் சாவியும் போல என்று அந்தப் பெண் உவமை சொன்னாள். எனக்கு அதைவிட நம் இலாகாவின் உவமையே நன்கு விளங்கிற்று. ஒற்றைப் பாதையில் ஓட்டுநருக்கு டோக்கன் பந்து கொடுத்து வண்டியை அனுப்பிய முறையை இங்குள்ள மூத்த ஸ்டேஷன் மாஸ்டர்கள் அறிவார்கள். ஒரு பிரிவுக்குரிய பந்து அடுத்த பிரிவின் கருவியில் நுழையாது. அதன் அமைப்பே வேறு. நுழையாததால்தான் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வாராமல் காக்கப்பட்டன. ஆனால் பந்துகளின் அமைப்பு வகைகள் சிலவே. ஆகவே தொலைவிலுள்ள வேறொரு பிரிவில் அதே அமைப்பு மீண்டும் வரலாம். அங்கே கொண்டுபோனால் இந்தப் பந்து நுழையும். இதனை நான் சொன்னதும் அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மாமா, இதை என் ஆய்வேட்டில் எழுதட்டுமா?" என்றாள். எழுதினாளா என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

2002ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து பெய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நான்சி உரிசார், டேவிட் மூர் முதலியோர் குக்குலுவின் சாவி எந்தப் பூட்டில் நுழைகிறது என்று கண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். ஈரலிலும் குடலிலும் எஃப். எக்ஸ். ஆர். என்று மூன்று எழுத்தால் குறிக்கும் ஒரு புரதம் உண்டு. ஈரல் கொலஸ்டிராலைப் பித்தநீராக மாற்றி வெளியேற்றுகிறது. பித்தம் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அது இப்புரதத்தின் குழியில் அமர்ந்து, 'இனி மாற்றாதே' என்று சிவப்பு விளக்கைக் காட்டும். குக்குலுஸ்டெரோன் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு விளக்கு எரியாமல் தடுக்கிறது என்றார்கள். தடுத்தால் கொலஸ்டிரால் மேலும் மேலும் பித்தமாகி வெளியேற வேண்டுமல்லவா? சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஈரலில் கொழுப்புக் குறைந்தது. அப்புரதமே இல்லாதவாறு பிறப்பித்த சுண்டெலிகளுக்கும் கொடுத்தனர், அவற்றில் குறையவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? சுசுருதர் சொன்னார், காசி முயல் காட்டிற்று, இந்திய நோயாளிகள் ஆமென்றனர், அமெரிக்க ஆராய்ச்சிக் கூடம் பூட்டையே எடுத்துக் காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டு, 2003 ஆகஸ்டில், பென்சில்வேனியா சர்வகலாசாலையின் டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கொழுப்பு மிகுந்த 103 பேரை மூன்று பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதிக்குக் குக்குலிப்பிட் வழக்கமான அளவில். ஒரு பகுதிக்கு இருமடங்கு. ஒரு பகுதிக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. எது யாருக்கு என்பது உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழிந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு நூற்றுக்கு 5 குறைந்திருந்தது. குக்குலிப்பிட் உண்டவர்களுக்கோ, ஒரு பகுதியினருக்கு நூற்றுக்கு 4, இருமடங்கு உண்டவர்களுக்கு 5 என்று ஏறியிருந்தது! அறுவருக்குத் தோலில் தடிப்பும் கண்டது.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? "வெள்ளைக்காரன் நம் மருந்தை ஏற்பானா?" என்றேன். அவள் கோபிக்கவில்லை. "அவர்கள் உண்ணும் உணவு வேறு, உடல்வாகு வேறு, அந்த வாதத்தைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே வெள்ளைக்காரர்தாமே முந்தின ஆண்டில் பூட்டைக் கண்டுபிடித்தார்கள்? அப்போது நீங்கள் கோபிக்கவில்லையே" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நம் நாட்டில் நடந்த முந்திய சோதனைகள் சிலவற்றில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை என்பதையும் அவள் எடுத்துக் காட்டினாள். மருந்து உண்கிறோம் என்ற எண்ணத்தில் ஒருவர் நெய்யைக் குறைத்து நடையைக் கூட்டினால், குறைந்த கொழுப்புக்குப் பிசின் பெயர் வாங்கிக்கொள்ளும். பென்சில்வேனியாவில் வெற்று மாத்திரைக்கும் 5 குறைந்ததே, அதை எண்ணிப் பாருங்கள்.

பின்வந்த ஆராய்ச்சிகள், குக்குலுஸ்டெரோன் அந்த ஒரு பூட்டில் மட்டும் நுழையும் சாவியன்று என்று காட்டின. உடலின் உப்பையும் நீரையும் ஆளும் புரதம், இனப்பெருக்கச் சுரப்புகளுக்குரிய புரதங்கள் என்று பலவற்றில் அது புகுந்து அமர்கிறது; சிலவற்றில் முதற்சொன்ன பூட்டைவிட இறுக்கமாகவே அமர்கிறது. தொலைவிலுள்ள பிரிவின் கருவியில் நம் பந்து நுழைந்துவிட்டது. அவற்றுள் ஒரு புரதம் ஈரலின் காவற்காரனைப் போன்றது. அந்நியப் பொருள் வந்தால் அதனை அழிக்கும் வேலையாட்களைப் பெருக்கச் சொல்லும். குக்குலு அந்தக் காவற்காரனைத் தட்டி எழுப்புகிறது என்று 2004இல் கண்டனர். எழுந்த வேலையாட்கள் குக்குலுவை மட்டும் அழிப்பதில்லை. கூட வரும் மாத்திரைகளில் பலவற்றையும் சேர்த்து அழிக்கவல்லவர்கள்.

அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1994இல், நம் நாட்டு மருத்துவர் சங்க இதழிலேயே ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நல்ல உடல்நிலையுள்ளோருக்குக் குக்குலிப்பிட்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டு இருதய மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிட்டது. ஒன்று புரோப்ரனலால். மற்றொன்றின் பெயரை அவள் சொன்னபோது என் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். மற்றொன்று டில்டியாசெம்.

அதாவது, ஸ்டாடினை நானாக நிறுத்தினேன். நிறுத்தாமல் உண்ட டில்டியாசெமையும் பிசின் ஒருவேளை அரைகுறையாக்கியிருக்கலாம். என் நள்ளிரவு வலி இதனால்தான் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஸ்டாடினை நிறுத்தியது ஒன்றே போதிய காரணமாக இருந்திருக்கலாம், அல்லது என் குடும்பத்து இரத்தமே காரணமாயிருக்கலாம். ஒருவனுடைய அனுபவம் சோதனையாகாது என்று இப்போது நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். உடல் இலேசானதாக எனக்குத் தோன்றியதும் அதே ஒருவனுடைய அனுபவந்தானே!

நான் கைவிட்ட அந்த ஸ்டாடினின் கதையையும் அவளிடம் கேட்டேன். அதுவும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்ததே. ஆராய்ச்சிக் கூடத்தில் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஜப்பானில் சாங்கியோ என்னும் மருந்துக் கம்பெனியில் அகிரா எண்டோ என்பவர் 1971 முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 6000 பூஞ்சை வகைகளைச் சோதித்தார். ஈரலில் கொலஸ்டிரால் உற்பத்தியாவதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தைத் தடுக்கும் பொருள் அவற்றுள் ஏதேனும் ஒன்றில் இருக்குமா என்பதே அவர் தேடல். கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் பூத்த பூஞ்சையில் அது கிடைத்தது. குழாயில் புரதத்தை நன்றாகத் தடுத்தது. ஆனால் எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்பு இறங்கவேயில்லை! மேலதிகாரிகள் கைவிடும் நிலைக்கு வந்தனர். கம்பெனியிலேயே கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த நண்பர் ஒருவரைக் கேட்டு, முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் எண்டோ. கொழுப்பு மளமளவென்று இறங்கிற்று. முயலும் சுண்டெலியும் ஆமென்ற குக்குலு மனிதரிடம் தடுமாறியது; எலி அன்றென்ற ஸ்டாடின் மனிதரிடம் வென்றது. எண்டோ கண்ட முதற்பொருள் கடைக்கு வரவில்லை. அதன் தம்பியான லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதன்பின்னும் கேள்வி ஓயவில்லை. கொழுப்புக் குறைகிறது, சரி, ஆயுள் நீள்கிறதா? 1994இல் வட ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் இருதய நோயாளர் 4444 பேரிடம் கண்ட முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டுக்கு மேல் கவனித்ததில், வெற்று மாத்திரை உண்ட பாதிப் பேரில் 256 பேர் இறந்திருந்தனர். சிம்வாஸ்டாடின் உண்ட பாதிப் பேரில் 182 பேர். நான் நிறுத்திய மாத்திரை இந்த வகையைச் சேர்ந்தது. சம்பளப் பட்டியலில் தினமும் எண்களைக் கூட்டிக் கழிக்கும் நான், இந்த இரண்டு எண்களின் கழித்தலை அன்றிரவு பலமுறை செய்து பார்த்தேன். 74. ஸ்டாடின் அப்புரதத்தின் குழியில் எவ்வாறு அமர்கிறது என்ற படத்தை டெய்சன்ஹோஃபர் என்பவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் வெளியிட்டது 2001இல்தான். மாத்திரை கடைக்கு வந்து 14 ஆண்டு கழிந்தபின்!

சங்கத்துப் பெரியோர்கள் என்னைத் தவறாக எண்ணக்கூடாது. ஆயுர்வேதத்தையோ சித்த வைத்தியத்தையோ குறைகூற நான் எழவில்லை. எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. தேர்ந்த வைத்தியர் நாடி பார்த்துக் கொடுப்பது வேறு. நான் பன்சாரிக் கடையில் வாங்கி விழுங்கியது வேறு. அந்த முட்செடியின் கதியோ பரிதாபம். பிசினுக்காகப் பட்டையைக் கண்டபடி கீறிக் கீறி, இன்று அழிவின் விளிம்பிலுள்ள செடிகளின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது.

நான் சிபாரிசு செய்த நால்வரில் இருவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஒருவர் உடனே டாக்டரிடம் சென்றார். மற்றொருவர், "உமக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்றார். மூன்றாமவர் மாற்றலாகிப் போய்விட்டார். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நான்காமவர் இந்தச் சபையில்தான் இருக்கிறார். அவர் வயதில் மூத்த அம்மையார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர். அவரிடம் நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அம்மா, இப்போது சொல்கிறேன். நான் வாங்கித் தந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் செல்லுங்கள். என்னென்ன உண்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். துணைக்கு நான் வருகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லி அமர்கிறேன். "இத்தனை வருஷம் என்னதான் படிக்கிறாய்? எப்போது கல்யாணம்?" என்று நம் காலனித் தாய்மார்கள் அவளைக் கேட்பதுண்டு, நானும் கேட்டிருக்கிறேன். அவள் செய்வது இது. இருதய நோயில் பங்குள்ள ஒரு புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கிறாள். அதன் குழியில் பொருந்தக்கூடிய பொருள்களை முதலில் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்கிறாள். ஆயிரக்கணக்கில் பார்த்து விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றைப் பொறுக்குகிறாள். பின்னர்ப் புரதக் கரைசலில் அந்தப் பொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் எழும் அற்பசொற்ப உஷ்ணத்தை அளக்கிறாள். அந்த உஷ்ணத்திலிருந்து எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று கணக்கிடுகிறாள். அதோடு இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டுவதையும் அளக்கவேண்டும். அல்புமின் ஒரு கூட்ஸ் வண்டி போல மருந்தை ஏற்றிக்கொண்டு திரியும். ஏறியிருக்கும் சரக்கு வேலை செய்யாது, இறங்கியதே வேலை செய்யும். வார்ஃபரின் என்னும் இரத்த மருந்தில் நூற்றுக்கு 99 பங்கு வண்டியிலேயே இருக்குமாம்!

மூன்று ஆண்டுகள் அவள் நம்பிக்கையோடு பின்தொடர்ந்த ஒரு பொருள், கம்ப்யூட்டரில் அழகாகப் பொருந்தியது. கரைசலில் போதிய அளவு ஒட்டவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்படியானால் அந்த மூன்று ஆண்டுகள்?" என்று கேட்டேன். "அது என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், மாமா. ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறேன். அடுத்து வருபவர் அந்த வழியில் மூன்று ஆண்டுகள் போகவேண்டாம் அல்லவா?" என்றாள்.

ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. அவள் இங்கே மூன்றாம் வரிசையில்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேர்வு முடிந்த அன்று மாலை எங்கள் குவார்ட்டர்ஸில் பாயசம் வைப்பதாக என் மனைவி அறிவிக்கச் சொன்னாள். எனக்கு மட்டும் சர்க்கரையும் நெய்யும் குறைவு. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காலனியார் அனைவரும் குடும்பத்தோடு வரவேண்டும். கோலாட்டக் குழந்தைகள் திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள்.